காபிக்கு விட்ட முறைத்தண்ணீர்

'அவர்' என்று எழுதித்தான் தொடங்கினேன். மூன்று வரி போனதும் கை நின்றுவிட்டது. எனக்கு இருக்கிற ரத்தக் கொதிப்புக்கு அவ்வளவு மரியாதை தாங்காது. அவன் என்றே எழுதிவிடுகிறேன். நேரில் அவனை நான் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டேன். அவன் என்னை 'அண்ணே' என்பான். எங்கள் வீட்டுக் கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை சாப்பிட்டவன். மலையில் எனக்கு இரண்டு ஏக்கர் காபித் தோட்டத்தை விற்றவன் அவன். ஏழு வருடம் கழித்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டவனும் அவனேதான்.

நான் திருவையாற்றுப் பக்கத்துக்காரன். குடமுருட்டிப் பாசனத்தில் எங்களுக்கு ஆறு மா, சுமார் இரண்டு ஏக்கர், நிலம் இருந்தது. தொண்ணூறுகளில் ஆறு எங்களை ஏமாற்ற ஆரம்பித்தது. மேட்டூரைத் திறக்கிற மாதம் வரும், தண்ணீர் வராது. ஆடிப்பெருக்குக்குப் பெண்கள் ஆற்று மணலில் குழி பறித்து, ஊறிய கையளவு தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்ட வருடங்கள் அவை. வசதி உள்ளவர்கள் போர் போட்டார்கள். மற்றவர்கள் பாஸ்போர்ட் எடுத்தார்கள். தெருவில் பாதி வீட்டுக்கு மஸ்கட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கடிதம் வந்துகொண்டிருந்தது. எனக்கு விமானம் ஏறுகிற வயசும் இல்லை, துணிச்சலும் இல்லை. கும்பகோணத்தில் ஒரு காபிப்பொடிக் கடையில் கொட்டை வறுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் உடம்பெல்லாம் புகை வாசனையோடு திரும்புவேன். என் மனைவி, "குறுவை போனாலும் வீட்டுல வாசனைக்குக் குறைவில்ல" என்று கிண்டல் செய்வாள்.

அந்தக் கடைக்குத்தான் அவன் மூட்டையோடு வந்தான். அதுவரை காபி விளைவித்தவர்கள் கொட்டையை அரசாங்கத்தின் பொதுக் கிடங்குக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அந்த விதி தளர்ந்து, யாரிடம் வேண்டுமானாலும் விற்கலாம் என்றானதும் சிறு தோட்டக்காரர்கள் தாங்களே ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள். அவன் கொடைக்கானலுக்குக் கீழே, வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறுகிற மலையில் இருப்பவன். எட்டு மணி நேரம் பஸ்ஸில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். நான் வறுத்த கொட்டையை ஒன்று எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா வறுக்கிறீங்கண்ணே, எங்க மலையிலேயே இந்தப் பக்குவம் யாருக்கும் வராது" என்றான். நான் விழுந்துவிட்டேன். புகழ்ச்சிக்கு விழுகிற ஜாதி நான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இரண்டு வருடம் இப்படி வந்து போனான். வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் தங்குவான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, தங்கை கல்யாணத்துக்காகத் தன் ஐந்து ஏக்கரில் கீழ்ப்பக்கம் இரண்டு ஏக்கரை விற்கப்போவதாகச் சொன்னான். அதில் கால் ஏக்கர் வெறும் பள்ளம், செடி வராது என்பதையும் மறைக்காமல் சொன்னான். அந்த நேர்மைதான் என்னை அவன் பக்கம் முழுதாகச் சாய்த்தது. காபிக்கு அப்போது நல்ல விலை. நான் ஆறு மாவையும் விற்க முடிவு செய்தேன்.

என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. "ஆத்தை நம்பினவங்களே இப்படி நிக்கிறோம். நீங்க வானத்தை நம்பி மலைக்குப் போறீங்க. ஆறு இந்த வருஷம் வரலன்னா அடுத்த வருஷம் வரும். வித்த நிலம் வருமா?" என்றாள். "மழை மலையிலதாண்டி மொதல்ல பெய்யும்" என்று ஏதோ பெரிய ஞானியைப்போலச் சொன்னேன். கும்பகோணத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து அவளை அங்கே வைத்துவிட்டு, மாதத்தில் இருபது நாள் மலையில் இருக்க ஆரம்பித்தேன்.

மலையில் அந்தச் சரிவில் எங்களையும் சேர்த்து ஆறு குடும்பம். பெரும்பாலும் ஒன்று, இரண்டு ஏக்கர்க்காரர்கள். அவனிடம் மூன்று ஏக்கர் மிச்சம் இருந்ததால் அவன்தான் பெரிய புள்ளி. எல்லோரிலும் சின்னத் தோட்டம் கணவனை இழந்த ஒரு அம்மாளுடையது, அரை ஏக்கர். என்னைவிட மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் வானமும் எங்கள் ஆற்றைப்போலவே மாறிவிட்டது என்று தெரிந்தது. முன்பெல்லாம் பங்குனிக் கடைசியில் ஒரு மழை பெய்யும், அதில் மொட்டெல்லாம் ஒரே நாளில் விரியும். சித்திரையில் இன்னொரு மழை, அதில் பிஞ்சு பிடிக்கும். இந்த இரண்டு மழையில்தான் ஒரு வருடத்துக் காபி இருக்கிறது. இப்போது தை மாதம் பழம் பறித்துக் களத்தில் காயப்போட்டிருக்கும்போது கொட்டித் தீர்க்கிறது. பூவுக்கு வேண்டிய நேரத்தில் வானம் வெளுத்துக் கிடக்கிறது.

அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நிழல் மரங்களின் கிளையைக் கழிப்பதைக் குறைத்தார்கள். உதிர்ந்த இலையைக் கூட்டாமல் செடியடியில் மெத்தையாகப் போட்டு மண்ணின் ஈரத்தைக் காத்தார்கள். காபி கைவிட்டால் இதாவது இருக்கட்டும் என்று நடுவில் வாழையும் ஆரஞ்சும் வைத்தார்கள், மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றிவிட்டார்கள். ஆனால் பூவுக்குத் தண்ணீர்? அதற்கு அவர்களிடம் வழி இல்லை. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

என் தஞ்சாவூர் மூளை அங்கேதான் வேலை செய்தது. என் நிலத்துப் பள்ளத்தில் குட்டை வெட்டலாம் என்றேன். ஐப்பசி கார்த்திகையில் சரிவில் ஓடி வீணாகிற தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டால், பங்குனியில் மழை பொய்த்தாலும் நாமே பூவை வரவழைக்கலாம். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்திரம் வருகிற பாதை இல்லை, ஆள் விட்டே வெட்டினேன். ஆறு மா விற்றதில் மிச்சமிருந்தது முழுவதும் அந்தப் பள்ளத்துக்குள் போனது. தண்ணீர் கசியாமல் இருக்கக் களிமண் கொட்டி மிதிக்க வேண்டியிருந்தபோது ஆறு குடும்பமும் வந்து மிதித்தது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தார். அவனும் மிதித்தான். முழங்கால் வரை சேறோடு நிமிர்ந்து, "தண்ணி விஷயத்துல தஞ்சாவூர்க்காரங்களை யாரும் மிஞ்ச முடியாதுண்ணே" என்றான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாட்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முதல் வருடம் பூமழை ஒழுங்காகப் பெய்துவிட்டது. குட்டையிலிருந்து இறைக்க வேண்டிய வேலையே வரவில்லை. மறு வருடம் பங்குனி பாதி போயும் ஒரு சொட்டு இல்லை. மொட்டுகள் கிளைக் கணுவில் கொத்துக் கொத்தாகப் பச்சையாக இறுகி நின்றன. இலைகள் தொங்கிவிட்டன. அக்கா வீட்டுக் களத்தில் ஆறு பேரும் கூடினோம். குட்டையில் இருந்த தண்ணீர் எல்லோருடைய தோட்டத்துக்கும் தாராளமாகப் போதாது. எப்படி விடுவது என்று என்னைத்தான் கேட்டார்கள். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இதற்கு எங்கள் ஊரில் வழி ஏற்கெனவே இருக்கிறதே.

ஆற்றில் தண்ணீர் குறைந்தால் எங்கள் ஊரில் முறை வைப்போம். வாய்க்காலில் வருகிற தண்ணீரை இன்னாருக்கு இத்தனை நாழி என்று பிரித்துவிடுவோம். யாருக்கும் வயல் நிறையாது. ஆனால் யாருடைய பயிரும் சாகாது. எல்லா வயலுக்கும் ஈரம் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். நெல் பொறுத்துக்கொள்ளும், அடுத்த முறை வரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். தலைமடைக்காரன் கூடக் கொஞ்சம் விட்டுக்கொண்டால் கடைமடைக்காரன் மண்வெட்டியோடு வந்து நிற்பான். அதனால் ஒரு சொட்டு பிசகாமல் பிரிப்போம். அந்த நியாயத்தில் வளர்ந்தவன் நான். அதையே அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் காபியில் வைத்தேன். "ஒரு செடி விடக் கூடாது. எல்லாச் செடிக்கும் கொஞ்சமாவது தண்ணி போகணும். ஏக்கருக்கு இவ்வளவு நேரம்னு முறை. கடைமடை மொதல்ல, அக்கா தோட்டத்துல ஆரம்பிப்போம்" என்றேன். அக்காவின் கண் கலங்கிவிட்டது. "எங்களை யாரும் மொதல்ல வச்சதில்லங்க" என்றார்.

அவனும் அந்தக் களத்தில்தான் உட்கார்ந்திருந்தான். தலையை ஆட்டினான். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை ஆயிரம் தடவை மனசுக்குள் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கீழே ஊரிலிருந்து ஒருவர் டீசல் எஞ்சினும் ஹோஸும் வாடகைக்குக் கொண்டுவந்தார். ஐந்து நாள் இறைத்தோம். நான் ஒவ்வொரு தோட்டத்திலும் கூடவே நின்று, ஹோஸை எங்கும் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்கச் செய்தேன். மேல்மண் நனைந்ததும் அடுத்த செடி. நான்காம் நாள் அவன் முறை. போய்ப் பார்த்தால், தன் மூன்று ஏக்கரில் கீழே இருந்த ஒரு ஏக்கரிலேயே ஹோஸைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அங்கே மண் சேறாகிவிட்டது. மேலே இரண்டு ஏக்கர் எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது.

"என்ன தம்பி, ஒரே இடத்துல விட்டுட்டிருக்கீங்க? மேல எல்லாம் காயுதே" என்றேன்.

"ஹோஸ் எட்டலண்ணே" என்று சிரித்தான்.

எனக்குப் பாவமாகிவிட்டது. அவ்வளவு பெரிய தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நனைகிறதே என்று மனசு கேட்கவில்லை. என்னுடைய முறையில் ஒரு மணி நேரத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். வேறொரு ஹோஸையும் கொண்டுவந்து சேர்த்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். அந்த ஒரு மணி நேரத் தண்ணீரையும் நான் போன பிறகு அதே ஒரு ஏக்கரில்தான் விட்டான் என்று பின்னால் தெரிந்தது. அந்த ஹோஸைச் சுருட்டிக்கூடக் கொடுக்கவில்லை, நானே போய் எடுத்துக்கொண்டேன்.

இறைத்து முடித்த ஒன்பதாம் நாள் காலையில் மலை முழுக்க வாசனை. காபிப் பூவுக்கு மல்லிகை போல ஒரு மணம் உண்டு. வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினேன். அவனுடைய அந்த ஒரு ஏக்கர் மட்டும் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. மற்ற நான்கு குடும்பத்துத் தோட்டத்திலும், என்னுடையதிலும், மொட்டுகள் பாதி விரிந்து அப்படியே விறைத்துவிட்டிருந்தன. இளஞ்சிவப்பாக, ஊசி ஊசியாக நின்றன. ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தேன், பொடிந்துவிட்டது. இரண்டு நாளில் எல்லாம் கருகின. மூன்று வாரம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத ஒரு மழை அடித்துப் பெய்தது. அந்த மழைக்கு அவன் தண்ணீர் காட்டாமல் விட்டிருந்த இரண்டு ஏக்கரும் பூத்தன. எங்கள் செடிகளில் பூக்க மொட்டு ஏது?

அக்காதான் விளக்கினார். களத்தில் உட்கார்ந்து கருகிய மொட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைத் திட்டாமல் சொன்னார்: "தூறல் போட்டு நின்னுட்டா மொட்டு கெட்டுப்போகும்னு எங்களுக்குத் தெரியுங்க. வேர் நனையற மாதிரி பெய்யணும், இல்லன்னா பெய்யவே கூடாது. பெய்யாம இருந்தா மொட்டு காத்துக்கிட்டிருக்கும். ஆனா அது மழைக்குத்தானேன்னு நினைச்சோம். எஞ்சின் தண்ணிக்கும் அதேதான்னு எங்களுக்குத் தோணல. நீங்க தண்ணி விடற ஊர்க்காரர், சொல்றீங்களேன்னு விட்டுட்டோம்."

அதாவது, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று நான் பிரித்துக் கொடுத்த நியாயம் ஐந்து குடும்பத்தின் ஒரு வருடத்தை அழித்திருந்தது. நெல்லைக் காப்பாற்றுகிற முறை காபியைக் கொல்லும் என்று எனக்கு யார் சொல்ல முடியும்? தெரிந்த ஒருத்தன் இருந்தால் சொல்லலாம். அப்படி ஒருத்தன் இருந்தான் என்பதை வைகாசியில் எஞ்சின்காரர் வாடகையை வாங்க வந்தபோது போகிற போக்கில் சொன்னார்.

"அவரு தோட்டம் மட்டும் பூத்ததுல என்னங்க அதிசயம்? குடகுல பெரிய எஸ்டேட்டுல ஆறு வருஷம் பூத்தண்ணி அடிக்கிற மேஸ்திரியா இருந்தவராச்சே. எங்கிட்ட எஞ்சின் எடுக்க வர்றவங்களுக்கெல்லாம் அவருதான் கணக்குச் சொல்லுவாரு, தண்ணி கம்மியா இருந்தா ஒரு மூலைக்கு மட்டும் முழுசா விடுங்க, மத்ததைத் தொடாதீங்கன்னு."

குடகில் இருந்ததாக என்னிடமும் சொல்லியிருக்கிறான். பழம் பறிக்கப் போனதாகத்தான் சொன்னான். எங்கள் ஊருக்கு வராத காவிரி பிறக்கிற மலையில் ஆறு வருடம் தண்ணீர் பிடித்துவிட்டு, என்னிடம் வந்து தஞ்சாவூர்க்காரர்களை மிஞ்ச முடியாது என்றானே! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியே அவன் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சுதானே சும்மா இருந்தே?" என்றேன். அன்றைக்குத்தான் முதல்முதலாக அவனை ஒருமையில் பேசினேன்.

அவன் முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. "நீங்க கேக்கலையேண்ணே. எல்லாரும் உங்களைக் கேட்டாங்க, நீங்க சொன்னீங்க. நடுவுல நான் எப்படி வாயைத் திறக்கறது?" என்றான்.

இதில் உண்மை இல்லாமலும் இல்லை. நான் யாரையும் கேட்கவில்லைதான். காபியைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற அக்காவிடம்கூட 'இது சரிவருமா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவன் ஹோஸடியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தானே, அப்போது நான் கேட்டேனே! அப்போது எட்டவில்லை என்றுதானே சொன்னான்? நான் இந்தக் கேள்வியைச் சரிவில் எல்லோர் வீட்டிலும் போய்க் கேட்டேன். யாரும் சண்டை போடவில்லை. கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், "அவரு சொல்லாதது தப்புதாங்க. ஆனா விட்டது நீங்கதானே" என்றார். 'தஞ்சாவூர்க்காரன் கெடுத்தான்' என்று கீழே டீக்கடை வரை பேச்சாகிவிட்டது. அவன் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த மாசியில் மறுபடி காய்ந்தது. என் குட்டையில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மற்ற நான்கு குடும்பமும் என்னிடம் வரவில்லை, அவனிடம் போனார்கள். இந்தத் தடவை அவன் வாயைத் திறந்தான். ஒவ்வொருவர் தோட்டத்திலும் ஒரு மூலையை மட்டும் முழுசாக நனைக்கச் சொல்லிக் கொடுத்தான். அக்காவின் அரை ஏக்கரில் பாதியை அவனே நின்று நனைத்துக் கொடுத்தான். எல்லாம் என் குட்டைத் தண்ணீர். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் களிமண்ணை அவர்களும்தானே மிதித்தார்கள். பூத்தது. அவனை எல்லோரும் தெய்வமாகப் பார்த்தார்கள். நான் என் தோட்டத்திலும் அதே மாதிரிதான் விட்டேன், எனக்கும் பூத்தது. ஆனாலும் என்னிடம் வந்து யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காபி விலையும் அந்த வருடம் படுத்துவிட்டது. ஒரு சரிவில் ஐந்து வீட்டுக்காரர்கள் நம்மைப் பார்த்தால் செடியைப் பார்க்கக் குனிந்துகொள்கிற இடத்தில் மனுஷன் எத்தனை நாள் இருக்க முடியும்? நான் இன்னொரு வருடம் இருந்தேன். பிறகு விற்கிறேன் என்று சொன்னேன். வாங்க ஒருத்தன்தான் வந்தான்.

மனைவியிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. "வேற யாரும் கேக்கலையா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "எப்படிக் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்போதே புரிந்துகொண்டதை நான் பத்திரம் பதிகிற அன்றுதான் புரிந்துகொண்டேன்.

பதிவு அலுவலகத்தில் எங்கள் முறை வர நேரமாகும் என்றார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பத்திரம் எழுதுகிறவர் எல்லையை வாசித்துக் காட்டினார். வடக்கே இன்னார், தெற்கே ஓடை, உள்ளடங்கிய காபிச் செடிகள், நிழல் மரங்கள் என்று வரிசையாகப் போனார். "குட்டை ஒண்ணுன்னு தனியா எழுதுங்க. தெளிவா இருக்கட்டும்" என்று அவன் குறுக்கே சொன்னான். வேறு எதற்கும் அவன் வாய் திறக்கவில்லை. மரம் எத்தனை, செடி எத்தனை என்று சரிபார்க்கவில்லை. குட்டையைத்தான் கேட்டான். எனக்கு விற்றபோது அது செடி வராத பள்ளம். இனிமேல் வருகிற பங்குனிகளில் அந்த மலையில் யாருக்குக் காபி உண்டு, யாருக்கு இல்லை என்று சொல்லப்போவது அதுதான். அதை எழுத்தர் எழுதுகிற வரை எனக்கு இது உறைக்கவில்லை பாருங்கள்.

அவன் எழுந்து போய் இரண்டு காபி வாங்கி வந்தான். ஒன்றை என் கையில் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

"கேக்கலைன்னு சொன்னே. சரி, நான் கேக்கல. தண்ணி விடறதுக்கு முந்தின நாள் மலையில என் வீட்டுல வந்து சாப்பிட்டியே. ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

அவன் காபியை ஊதி ஒரு வாய் குடித்தான். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

"சொல்லியிருந்தா நீங்க மலையிலேயே இருந்திருப்பீங்களேண்ணே" என்றான்.

இருந்திருப்பேன். அவர்கள் எல்லோரோடும் அங்கேயேதான் இருந்திருப்பேன்.

உள்ளே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போய்க் கையெழுத்துப் போட்டேன்.